ரொட்டிக்காரர் வீட்டில் ரொட்டி இல்லை

வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், திராட்சைப் பந்தலுக்குக் கீழே, ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் மடித்து வைத்த மாற்றுடையும் இருக்கும். ஐந்து மாதமாக அப்படித்தான். இக்ரோம் சட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுவான். தலையைக் கழுவுவான். பிறகு காது மடலுக்குப் பின்னால், புருவத்தில், நகக்கண்ணில். மர்கிலானில் பதினெட்டு வருடமாகத் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுகிறவன் உடம்பிலிருந்து கோதுமை மாவை முழுசாக எடுக்க ஒரு வாளித் தண்ணீர் போதாது. அதை முதல் நாளே கண்டுகொண்ட அவன் மனைவி ஹிலோலா, ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"புள்ளைக்குத் தூசிகூட ஆகாதாம்," என்றாள் பிறகு. "மூச்சு வழியா உள்ள போனாலும் போனதுதானாம். திலோரா அக்கா சொன்னாங்க."

திலோரா அக்கா தாஷ்கண்டில் இருந்தாள். அவளை இருவரும் நேரில் பார்த்ததில்லை. போனில் ஒரு குரல், டெலிகிராமில் முந்நூறு தாய்மார்கள் கொண்ட ஒரு குழு, அவ்வளவுதான். அவளுக்கும் இப்படி ஒரு பிள்ளை இருந்ததாம். கோதுமை, பால், சர்க்கரை மூன்றையும் நிறுத்தி இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடம் அனுப்பினாளாம்.

அவர்களுடைய ஒரே மகன் ஜஸூருக்கு ஆறரை வயது. மூன்று வயதில் ஃபெர்கானாவில் ஒரு டாக்டரம்மா ஆட்டிசம் என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, "பேசப் பழக்குங்க, விளையாடுங்க, பொறுமையா இருங்க" என்று சொல்லி அனுப்பினாள். மருந்து எதுவும் எழுதவில்லை. ஹிலோலாவால் அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வியாதி என்று பெயர் சொன்னவள் மருந்து என்று ஒன்றைச் சொல்லாமல் எப்படி அனுப்பலாம்?

பிறகு மருந்தைத் தேடி அலைந்தார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளையின் தலைக்கு மேலே ஈயத்தைக் காய்ச்சித் தண்ணீரில் ஊற்றி, அதில் நாய் உருவம் தெரிகிறது, நாயைக் கண்டு பயந்திருக்கிறான் என்றார் ஒருவர். நமங்கானில் முதுகெலும்பை நீவினார்கள். ஒரு வசந்தகாலம் முழுக்க ஒட்டகப் பால். ஒரு கிழவர் கழுத்துக்குப் பின்னால் அட்டை விட்டார். அன்றைக்கு ஜஸூர் போட்ட சத்தத்தில் இக்ரோம் எழுந்து வெளியே போய், அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பத்து நாள் வீட்டில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். பிறகு அது தேய்ந்து, யாரும் அதைப் பற்றிப் பேசாமல் போய்விடும். அடுத்தது வரும்.

ஆக, இந்த உணவுக் கட்டுப்பாடு வந்தபோது இக்ரோம் எதிர்த்துப் பேசவில்லை. ஊசி இல்லை, அட்டை இல்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. ஆனால் ஜஸூர் உலகத்தில் நான்கே பொருள்தான் சாப்பிடுவான். ரொட்டி, பால் விட்ட தேநீர், உருளைக்கிழங்கு, கெட்டித் தயிர். அவற்றில் மூன்று போயிற்று.

சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி இல்லாத வீட்டுக்கு அந்தத் தெருவில் யாரும் ஒரு தரத்துக்கு மேல் வருவதில்லை. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. வந்தவர்கள் எதைப் பிட்டு வாயில் வைத்து உட்காருவது என்று தெரியாமல், அவித்த பூசணிக்காயைப் பார்த்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஹிலோலா அரிசி மாவில் ரொட்டி சுடச் சொன்னாள். இக்ரோம் முயன்றான். அரிசி மாவுக்குப் பிடிமானம் கிடையாது. அடுப்புச் சுவரில் அறைந்தால் ஒட்டாமல் சரிந்து நெருப்பில் விழுந்தது. வாணலியில் சுட்டால் ஓடு மாதிரி உடைந்தது. ஜஸூர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, கவனமாகத் தரையில் வைத்துவிட்டுப் போனான். ரொட்டியைக் குப்புற வைக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். அது ரொட்டி இல்லை என்பதும் தெரிந்திருந்ததோ என்னவோ, குப்புறத்தான் வைத்தான்.

மகன் சாப்பிடாததை நானும் தொடமாட்டேன் என்று ஹிலோலாவும் ரொட்டியை விட்டாள். இக்ரோம் வீட்டில் சாப்பிடுவதை விட்டான்.

முதல் மூன்று வாரம். பிள்ளை சுவரில் தலையை மோதினான். கையைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். விலா எலும்பு எண்ணும்படி ஆனான். திலோரா அக்காவின் குரல் போனிலிருந்து வரும்: "விஷம் வெளிய போகுது தங்கச்சி. போகும்போது அப்படித்தான் படுத்தும். இப்ப விட்டுட்டீங்கன்னா எல்லாம் வீண்."

ஹிலோலா மதியம் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை ஒரு தையல் கடைக்குப் போவாள். அந்த நேரம் பிள்ளை இக்ரோமின் பொறுப்பு. வாய்க்கால் பக்கம் நடக்க வைக்கச் சொல்லியிருந்தாள் திலோரா அக்கா. தண்ணீர்ச் சத்தம் நல்லதாம். நான்காவது வாரத்தில் ஒரு நாள், வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடம் இல்லை. அவனுடைய அடுப்புக் கொட்டகை அருகில் இருந்தது. ஐந்து நிமிடம்தானே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

உள்ளே எர்கஷ் மாலைக்கான ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மாவு பிசைகிறவர், இக்ரோமைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் அவனை உஸ்தா, ஆசான், என்றுதான் கூப்பிடுவார், வாய் சும்மா இருக்காது. கம்பியிலிருந்து ஒரு ரொட்டி நழுவித் தரையில் விழுந்தது.

ஜஸூர் அப்பாவின் பிடியிலிருந்து இறங்கினான். ரொட்டியை எடுத்தான். உதட்டில் ஒற்றி, நெற்றியில் தொட்டான். விழுந்த ரொட்டியை அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தது. எத்தனையோ சொற்களை மறந்துபோன பிள்ளை இதை மறக்கவில்லை. பிறகு அதைக் கடித்தான்.

இக்ரோம் பாய்ந்தான். கை பிள்ளையின் வாய்வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. மெல்லுகிற வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும். அவன் ஆயுளில் யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை. தன் கை அதைச் செய்யுமா என்று காத்திருந்தான். அது செய்யவில்லை.

"பிடுங்குங்க உஸ்தா, பிடுங்குங்க," என்றார் எர்கஷ், கம்பியைச் சாய்த்து வைத்தபடி. "நாளைலேர்ந்து மாவு பிசைய வேற ஆள் பாத்துக்கங்க. இந்த அடுப்புல அப்புறம் எனக்கு வேலை இல்ல."

"இவன் சாப்பிடக் கூடாதுண்ணே."

"யாரு சொன்னது?"

"தாஷ்கண்ட்ல ஒரு அம்மா."

"அந்த அம்மா இந்தப் புள்ள மொகத்தப் பாத்திருக்கா?"

பிள்ளை முழு ரொட்டியையும் தின்றான். தின்றுவிட்டுச் சட்டையில் ஒட்டிய பொடியை விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போட்டான். பிறகு பலகை ஓரத்தில் கிடந்த செகிச்சைக் கையில் எடுத்தான். ரொட்டியின் நடுவில் பூப்போலக் குத்தும் மரப்பிடி அது, அடியில் ஊசிகள். பிசைந்து தட்டி வைத்திருந்த மாவு வட்டங்களில் குத்த ஆரம்பித்தான். எல்லோரும் நடுவிலிருந்து வெளியே குத்துவார்கள். அவன் ஓரத்திலிருந்து உள்ளே வந்தான், ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக, மொத்தம் ஏழு. எல்லா வட்டத்திலும் ஏழு. முகத்தில் ஒரு அசைவு இல்லை. மழை விட்டு வெகுநேரம் ஆன பின்னும் இக்ரோம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்மள விட நேரா குத்துறானே," என்றார் எர்கஷ். "உஸ்தா, உங்க வேலைக்கு ஆபத்து."

மறுநாளும் வாய்க்காலுக்குக் கிளம்பினார்கள். மறுநாளும் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே பிள்ளைக்கு என்று இன்னொரு சட்டை வந்தது. திரும்புமுன் முகம், கை, நகக்கண் எல்லாம் கழுவி விடுவான். "வாய்க்கால் எப்படி இருந்துச்சு?" என்று ஹிலோலா கேட்பாள். "தண்ணி நெறைய போகுது," என்பான் இக்ரோம். அவன் சொன்ன பொய் மொத்தமும் அந்த மூன்று வார்த்தைதான். நான்கு மாதத்துக்கு மேல் அதையே சொன்னான்.

பிள்ளை மாறினான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. தலையை மோதுவது நின்றது. கைப் புண் ஆறியது. விடிய விடியத் தூங்கினான். ஒரு நாள் கிணற்றடியில் நின்று அம்மாவைப் பார்த்து, "தண்ணி" என்றான். ஹிலோலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிநேரம் தூங்கினான், எத்தனை தரம் கண்ணைப் பார்த்தான் என்று எழுதுவாள். அந்தச் சொல்லை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். போனில் திலோரா அக்கா அழுதாள். குழுவில் முந்நூறு தாய்மார்களும் பூப்படம் அனுப்பினார்கள். இக்ரோம் வாளியடியில் நின்று காது மடலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சந்தோஷம் கொஞ்சம் அடங்கட்டும் என்றும் நினைத்தான். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

சந்தோஷம் அடங்கவில்லை. அது அடுத்த கட்டத்துக்குப் போயிற்று.

"குடல் சுத்தமாயிடுச்சாம்," என்றாள் ஹிலோலா. "இனிமே ரத்தத்துல இருக்கற ஈயத்த எடுக்கணுமாம். தாஷ்கண்ட்ல ஒரு இடத்துல ஊசி போடறாங்க. பத்து ஊசி. அக்கா திங்கக்கிழமைக்குப் பேசி வெச்சிருக்காங்க."

"ஈயம் இருக்குன்னு யாரு பாத்தா?"

"இவன் தலைமுடிய சோதனைக்கு அனுப்பினோமே. அதுல தெரிஞ்சிருக்கு."

இக்ரோம் ஃபெர்கானா டாக்டரம்மாவிடம் தனியாகப் போனான். அவள் அந்த மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். ரத்தத்தில் பார்க்காமல் முடியை வைத்து இதைச் சொல்ல முடியாது, ஈயமே இல்லாத பிள்ளைக்கு இதைப் போட்டால் சிறுநீரகம் கெடலாம், இதயமும் நிற்கலாம் என்றாள். திரும்பி வந்து ஹிலோலாவிடம் சொன்னான்.

"அந்தம்மாதானே மருந்து ஒண்ணுமில்லன்னு அனுப்பினாங்க," என்றாள். "ரொட்டிய நிறுத்தறப்பவும் நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டுத்தான் இருந்தீங்க. வேலை செஞ்சுதா இல்லியா? நீங்களே சொல்லுங்க. செஞ்சுதா?"

அவன் தேநீர்க் கிண்ணத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். தேநீர் ஆறிப்போனது.

"பதில் இல்லல்ல," என்றாள் ஹிலோலா, கோபமில்லாமல். அவளும் களைத்துத்தான் இருந்தாள். பயணப் பையில் பிள்ளையின் உடைகளை அடுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவனும் ஜஸூரும் கொட்டகையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வரும்போது ஒரு ரொட்டி கொண்டு வாங்க," என்றாள் ஹிலோலா.

சரியாகத்தான் கேட்டோமா என்று நின்றான். "ரொட்டியா?"

"ஆமா. சூடு ஆறினதா, துணியில நல்லா சுத்தி. வந்து சொல்றேன்."

எர்கஷ் எட்டிப் பார்த்தார். "என்ன உஸ்தா, வீட்டுக்காரம்மா ரொட்டி கேக்கறாங்களா? ரொட்டிக்காரன் வீட்டுக்கு ரொட்டி போகுதுன்னு ஊரக் கூட்டிச் சொல்லவா?" அடுக்கின் மேலே இருந்ததை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் விரிப்பு போட்டிருந்தது. ஹிலோலா நல்ல உடை உடுத்தித் தலைக்குப் பட்டுத் துணி கட்டியிருந்தாள். போனைத் தேநீர்க் கெண்டியில் சாய்த்து நிறுத்தி, கோணம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பந்தலடியில் வாளியோடு விளையாடிக்கொண்டிருந்தான். இக்ரோம் கழுவி, உடை மாற்றி வந்தான்.

"குழுவுல சில பேர் நம்பமாட்டேங்கறாங்க," என்றாள். "யாராவது ரகசியமா ஏதாவது குடுத்திருப்பாங்க, அஞ்சு மாசம் ஒரு பொடிகூட இல்லாம இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. அதுக்கு அக்கா ஒரு யோசனை சொன்னாங்க. நீங்க ரொட்டிக்காரர். உங்க வாயால, ரொட்டியக் கையில பிடிச்சிட்டு, அஞ்சு மாசமா எம்புள்ள வாயில ஒரு துணுக்கு போகல, போயிருந்தா இந்த ரொட்டி என்ன அடிக்கட்டும்னு சொன்னா, அப்புறம் யாரும் பேச முடியாது. நாளைக்கே அம்பது பேர் ஆரம்பிப்பாங்க. அவங்க புள்ளைங்களும் தேறட்டுமே."

துணியை அவிழ்த்தாள். ரொட்டியின் வாசனை அந்த அறைக்குள் ஐந்து மாதம் கழித்து வந்தது. ஹிலோலா ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் நீட்டினாள். போனில் சிவப்புப் புள்ளியை அழுத்தினாள்.

"சொல்லுங்க."

இக்ரோம் ரொட்டியை வாங்கிக்கொண்டான். அவன் இந்தச் சத்தியத்தை ஆயுளில் ஒரே ஒரு முறை செய்திருக்கிறான். எடையில் ஏமாற்றினான் என்று ஒருவன் சந்தையில் கத்தியபோது. அந்தச் சத்தியம் உண்மையாக இருந்தது, நாக்கில் தானாக வந்தது. இப்போது வாயைத் திறந்தான். முந்நூறு வீடுகள் மனசில் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை, சுவரில் தலையை மோதிக்கொண்டு. திங்கட்கிழமையும் மனசில் வந்தது. ஊசியும் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

போன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வாளியில் தண்ணீர் சலசலத்தது.

"கூச்சமா இருக்கா?" என்றாள் ஹிலோலா. "ரெண்டு வார்த்தைங்க. மாவுக்காரனோட பேரம் பேசறப்ப இந்தக் கூச்சத்தக் காணோம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கப் போன உதடு பாதியில் நின்றது.

அப்போதுதான் ஜஸூர் உள்ளே வந்தான், கால் ஈரத்தோடு. ஹிலோலா எழுந்து ரொட்டியை மறைக்கப் போனாள். அவன் அதற்குள் அப்பாவின் மடியருகில் வந்துவிட்டான். ரொட்டி மேல் பாயவில்லை. ஓரத்தில் விரலை வைத்தான். குத்திய புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினான், வெளி வளையம், அதற்குள் அடுத்தது, அடுத்தது, கடைசியில் நடுப்புள்ளி வரைக்கும். அங்கே விரலை அழுத்தி, தன் வேலையைச் சரிபார்த்து முடித்தவன்போல மூச்சு விட்டான். பிறகு ஒரு ஓரத்தைப் பிட்டு, உதட்டில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டான்.

ஹிலோலாவின் கை காற்றில் நின்றது. பிள்ளையின் வாய்வரைக்கும் போய் அங்கேயே நின்றது. அந்தக் கை எங்கே நிற்கும் என்று இக்ரோமுக்குத் தெரியும்.

அவள் ரொட்டியைப் பார்த்தாள். ரொட்டிக்காரன் மனைவி. கணவனின் குத்து எது என்று தூக்கத்தில் தொட்டாலும் சொல்வாள்.

"இது நீங்க குத்தினது இல்ல."

"இல்ல."

"எர்கஷ் அண்ணன் குத்தறதும் இல்ல."

"இல்ல."

பிள்ளை இன்னொரு துண்டு பிட்டான். மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஹிலோலா கை நீட்டிப் போனை நிறுத்தினாள். கெண்டியின் மேல் அது சாய்ந்தபடியே இருந்தது.

"எத்தன நாளா?"

"நாலாவது வாரத்துலேர்ந்து. தினமும். ஒரு நாளைக்கு ஒண்ணு, சில நாள் ரெண்டு. ரொட்டி மேல சத்தியம்."

அவள் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் அந்த நோட்டைக் கொண்டுவந்தாள். விரிப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். முதல் மூன்று வாரம். தலை மோதினான், தலை மோதினான், தூக்கம் இரண்டு மணி. பிறகு நான்காவது வாரம். அங்கே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வெளிச்சம் சுவரின் பாதிக்கு மேலே போய்விட்டது.

"அப்ப எது வேலை செஞ்சுது?" என்றாள் கடைசியில்.

"எனக்குத் தெரியாது."

"ரொட்டியா?"

"தெரியாது ஹிலோலா. பசி போயிருக்கும். அந்தக் குத்தற வேலை பிடிச்சிருக்கும். வயசு ஏறியிருக்கும். எனக்குத் தெரியாது."

"அஞ்சு மாசம். இந்த வாளிய நான் தினமும் ரொப்பினேன். நீங்க தேச்சுத் தேச்சுக் கழுவினீங்க. அத நான் பாத்துட்டு நின்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்க நினைத்தான். அந்தச் சொல் அங்கே மிகச் சின்னதாக இருந்தது.

போன் அடித்தது. திலோரா அக்கா. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஹிலோலா அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊசி வேணாம்," என்றாள். யாரிடமோ சொல்வது போலிருந்தது. பிறகு, "ஆனா அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியல. அடுத்தது ஒண்ணு இல்லாம காலைல எப்படி எந்திரிக்கறதுன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும். அஞ்சு மாசமா எல்லாம் தெரிஞ்சவர் நீங்கதான்."

இக்ரோம் ரொட்டியில் மிச்சமிருந்த பாதியை இரண்டாகப் பிட்டு ஒரு துண்டை அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. திருப்பியும் வைக்கவில்லை. அவன் எழுந்து போன பிறகு அது அங்கே இல்லை. அவள் தின்றாளா, பிள்ளை தின்றானா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை அவள் தையல் கடைக்குப் போகவில்லை. மூன்று மணிக்குப் பிள்ளைக்குச் செருப்பு மாட்டி, தானும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வழி நெடுக இக்ரோமோடு பேசவில்லை. வாய்க்காலைத் தாண்டும்போது மட்டும் எட்டிப் பார்த்தாள். கோடை முற்றியிருந்தது. அடியில் கால் நனையுமளவுகூடத் தண்ணீர் இல்லை.

"தண்ணி நெறைய போகுது," என்றாள்.

கொட்டகையில் எர்கஷ் அவளைப் பார்த்ததும் முதல் முறையாக வாயடைத்து நின்றார். பிறகு ஒரு மாவு மூட்டையைத் தட்டி இழுத்துப் போட்டார். "உக்காருங்க தங்கச்சி. மூட்டைக்குத்தான் காசு, உக்காரறதுக்கு இல்ல." அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்தாள்.

ஜஸூர் யாரையும் பார்க்காமல் பலகைக்குப் போனான். செகிச்சை எடுத்தான். ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். அடுப்பு காந்திக்கொண்டிருந்தது. இக்ரோம் சுவரில் உப்புத் தண்ணீர் தெளித்து, குத்தி முடித்த வட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளே அறைந்தான். எல்லாம் ஒட்டிக்கொண்டன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தான். ஆனாலும் பார்த்தான்.

மாவுத் தூசி வெயில் கோட்டில் மிதந்து பிள்ளையின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹிலோலா எழுந்து அவன் பின்னால் போய் நின்றாள். பழக்கத்தில் தலைமுடியிலிருந்து மாவைத் தட்டிவிடக் கை ஓங்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போலச் சற்று நேரம் நின்றுவிட்டு, மாவு படிந்த அந்தத் தலையின் மேலேயே வைத்தாள். பிள்ளை தலையை விலக்கவில்லை. அடுத்த வட்டத்தை இழுத்து, ஓரத்தில் முதல் குத்தைப் போட்டான்.